வீதிக் குழாயும் வீட்டுக் கணக்கும்

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நேயர்கள் பலருக்கு ஊரோடுள்ள தொடர்பு ஒரு பழைய வீட்டின் வழியாகவே நிலைத்திருக்கிறது. அவ்வீடு பூட்டிக் கிடக்கலாம், உறவினர் எவரேனும் அதில் குடியிருக்கலாம், வாடகைக்கும் விட்டிருக்கலாம். அரையாண்டுக்கு ஒருமுறை வீட்டு வரி செலுத்துவதோடு கடமை முடிந்தது என்று நாம் இருக்கும்போது, நகராட்சியிலிருந்து ஓர் அறிவிப்பு வருகிறது. வீதியில் பாதாளச் சாக்கடை அமைக்கப்பெறுவதாகவும், வீட்டு உரிமையாளர் குறித்த தொகையைக் கட்டி இணைப்புப் பெற வேண்டும் என்றும் அது கூறுகிறது. படித்தவுடன் மனத்தில் எழும் வினாக்கள் சில. வீட்டு வரி கட்டுகிறோமே, இதற்கும் தனியாக ஏன் கட்டவேண்டும்? கழிவுநீர்த் தொட்டி ஏற்கெனவே இருக்கிறதே, புதிய இணைப்பு எதற்கு? வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா?

இவ்வினாக்கள் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் மக்கள் தம்மை ஆண்டவர்களிடம் இவற்றைக் கேட்டு வந்திருக்கின்றனர். 1678 ஆம் ஆண்டில், சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் தெருக்களைத் துப்புரவு செய்யும் பொருட்டு வீடுகளின்மீது வரி விதித்தார். மக்கள் அதனை எதிர்த்தனர். தெரு அனைவருக்கும் பொதுவாயிருக்க, செலவை மட்டும் வீட்டின் தலையில் ஏற்றலாமா என்னும் வழக்கு அன்று தொடங்கியது.

அவ்வழக்கின் வரலாற்றைச் சித்தூர், திருப்பதி ஆகிய இரு நகரங்களை மனத்தில் இருத்திக் காண்பது பொருத்தமாகும். இந்நகரங்களில் வாழும் தமிழர் பலர் வேற்று மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் அல்லர். எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. சித்தூர் 1911 ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளில் சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது. 1953 இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அம்மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக, 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. எனினும் இவ்விரு நகரங்களின் சாக்கடைச் சட்டமும் வரிக் கணக்கும் சென்னை மாகாணத்திலேயே வேர்விட்டவை.

இனி, அச்சட்டத்தின் மூலத்தைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி நோய் இங்கிலாந்து நகரங்களை வாட்டியது. 1848 ஆம் ஆண்டில் அந்நாட்டில் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பெற்றது. ஒரு வீட்டுக்குத் தக்க வடிகால் இல்லாமல், 100 அடித் தொலைவுக்குள் பொதுச் சாக்கடை இருக்குமாயின், அவ்வீட்டை அதனுடன் இணைக்கும்படி உரிமையாளருக்கு ஊராட்சிக் குழு ஆணையிடலாம் என்று அச்சட்டம் விதித்தது. உரிமையாளர் செய்யாவிடின் குழுவே செய்து முடித்துச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். ஆயினும் அச்சட்டம் இரக்கமற்றதன்று. இணைப்புச் செலவை ஒரே தடவையில் கேளாமல், முப்பது ஆண்டுகள் வரை வட்டியுடன் சிறுசிறு தவணைகளாகப் பெறவும் அது இடமளித்தது. சாக்கடை பல தலைமுறைகளுக்குப் பயன்படுவது. ஆதலின் அதன் சுமையை ஒரே ஆண்டில் ஒருவர்மேல் ஏற்றுவது முறையன்று என்பதே அவ்விதியின் கருத்து. இவ்விதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

சென்னை நகருக்குப் பாதாளச் சாக்கடை வேண்டும் என்ற பேச்சு 1860 ஆம் ஆண்டுகளிலேயே எழுந்தது. பொறியாளரான கேப்டன் டல்லக் 1865 இல் அதற்கென ஒரு திட்டத்தை வெளியிட்டார். ஆனால், திட்டம் வேறு, திருப்பணி வேறு அன்றோ? கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கடிதங்களும் அறிக்கைகளும் வளர்ந்தனவே யன்றிக் குழாய்கள் வளரவில்லை. 1890 ஆம் ஆண்டுகளுக்குப் பின்னரே, இன்று ஜார்ஜ் டவுன் என வழங்கும் பகுதியில் வேலை உருப்பெற்றது. நகர் முழுமைக்குமான அமைப்பு 1910 ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டது. 1961 இல் சென்னையின் மக்கள் தொகை 6 லட்சத்து 60 ஆயிரமாக இருக்கும் என்பது அதன் கணக்கு. 1961 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு எடுத்தபோதோ நகரில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். முன்னோர் ஐம்பது ஆண்டுகளுக்கு அப்பால் நோக்கியது பாராட்டத்தக்கதே; ஊர் அவர்களுடைய கணக்கைவிட வேகமாக வளர்ந்துவிட்டது.

மாவட்ட நகரங்களின் நிலை வேறு. திருப்பதி நகராட்சி 1886 இலும், சித்தூர் நகராட்சி 1917 இலும் தோன்றின. 1884 ஆம் ஆண்டிலும் பின்னர் 1920 ஆம் ஆண்டிலும் இயற்றப்பெற்ற சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டங்களே இத்தகைய ஊர்களை ஆண்டன. 1920 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வரியைப் பல கூறுகளாகப் பகுத்தது. பொதுச் செலவுக்கான வரி ஒன்று. குடிநீருக்கும் வடிகாலுக்குமான வரி மற்றொன்று. விளக்கு வரி வேறொன்று. 1965 ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேச நகராட்சிச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தில் அமர்ந்தபோதும் இப்பகுப்பு மறையவில்லை. ஆகவே, வீட்டு வரியில் வடிகாலுக்கும் பங்கு உண்டு என்று உரிமையாளர் வாதிப்பது பொய்யன்று. ஆனால், அப்பங்கு பொதுச் சாக்கடையைப் பேணுவதற்கு உரியது. வீட்டு வாயிலிலிருந்து வீட்டுக்குள் செல்லும் குழாய் உரிமையாளரின் பொறுப்பே என்பதில் பழைய சட்டமும் புதிய சட்டமும் ஒரே கருத்துடையவை.

அவ்வீட்டுக் குழாயின் செலவு எவ்வளவு, அது ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதை அறியப் பழைய தெரு வீட்டின் அமைப்பை எண்ணிப் பார்க்கவேண்டும். திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளாயினும், கும்பகோணத்துத் தெருக்களாயினும் பழைய வீட்டின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. முன்னே திண்ணை, அடுத்து ரேழி, பின் முற்றமும் கூடமும், அதன்பின் அடுக்களை, கடைசியில் கிணறும் கொல்லையும். கழிப்பிடம் கொல்லையின் கோடியில் இருக்கும். அதனைத் துப்புரவு செய்பவர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல், பின்புறச் சந்து வழியே வந்து போகவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைத்தனர். அது சாதியின் கணக்கு; சுகாதாரத்தின் கணக்கு அன்று.

பாதாளச் சாக்கடையோ முன்புற வீதியில் வருகிறது. கொல்லையிலிருந்து வீதிவரை குழாய் செல்லவேண்டுமானால், அடுக்களையையும் கூடத்தையும் ரேழியையும் தோண்டியே ஆகவேண்டும். குழாய்க்குச் சரிவு வேண்டும். சரிவு வேண்டுமானால் வாயிலை நெருங்க நெருங்கப் பள்ளம் ஆழமாகும். வீட்டின் தரை வீதியினும் தாழ்ந்திருந்தால் தரையையே உயர்த்த நேரும். இவ்வாறு, எந்த ஒதுக்கத்தை எண்ணி நம் முன்னோர் கழிப்பிடத்தைக் கடைசியில் வைத்தனரோ, அந்த ஒதுக்கமே பிற்காலத்தில் வீட்டுக்காரரின் செலவாகத் திரும்பி வந்தது.

உரிமையாளர் ஏற்கவேண்டிய செலவுகளை ஐந்தாகப் பகுக்கலாம். முதலாவது, குளியலறை, சமையலறை, கழிப்பிடம் ஆகியவற்றை ஒன்றுசேர்க்கும் உட்குழாயும், நாற்றம் திரும்பாமல் தடுக்கும் நீரடைப்பும், வாயிலருகே கட்டும் சோதனைத் தொட்டியும். இரண்டாவது, வீதியை வெட்டிச் செப்பனிடுவதற்குரிய கட்டணம். மூன்றாவது, நகராட்சிக்குச் செலுத்தும் வைப்புத் தொகை. நான்காவது, பழைய கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்து தூர்ப்பதற்கு ஆகும் கூலி. ஐந்தாவது, மாதந்தோறும் வரும் கட்டணம். அறிவிப்பில் காணப்படுவது பெரும்பாலும் மூன்றாவது தொகை மட்டுமே. கொத்தனாரும் குழாய்க்காரரும் கேட்கும் தொகை சிற்சில வீடுகளில் அதனினும் மிகுதியாகும். தொலைவிலிருந்து வீட்டைப் பேணுவோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

இத்துணைச் செலவையும் கட்டாயமாக்குவது ஏன்? விருப்பமுள்ளோர் மட்டும் இணைந்தால் போதாதா என்று கேட்கலாம். இங்கே சட்டத்துக்குப் பின்னால் இயற்கையின் விதியொன்று நிற்கிறது. சாக்கடைக் குழாயில் கழிவு தங்காமல் செல்லவேண்டுமாயின், நீர் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வேகத்தில் ஓடவேண்டும். அதற்குரிய நீர் பல வீடுகளிலிருந்து வந்து சேர்ந்தால்தான் கிடைக்கும். நூறு வீட்டுக்கு அமைத்த குழாயில் இருபது வீடுகள் மட்டும் இணைந்தால் கழிவு அடியில் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். எனவே, அயலார் இணையாதிருப்பது அவரது சொந்த விஷயம் மட்டுமன்று; இணைந்தவரின் பணமும் அதனால் வீணாகிறது. இதே காரணத்தால் குடிநீர் வழங்கலும் சாக்கடையும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. சாக்கடையில்லாத ஊருக்கு ஆளொன்றுக்கு நாளுக்கு 70 லிட்டர் நீரும், சாக்கடையுள்ள ஊருக்கு 135 லிட்டர் நீரும் வேண்டும் என்று நம் நாட்டுப் பொறியாளர்களின் கையேடு வகுத்துள்ளது. மழை குறைந்த சித்தூர்ச் சீமையில் இந்த வேறுபாடு எளிதில் நிரப்பக்கூடியதன்று. நீருக்கு வழி செய்யாமல் குழாய்க்கு மட்டும் வழி செய்யும் ஊரில், வீட்டுக்காரர் கட்டிய பணம் மண்ணுக்குள் உறங்கும்.

இவ்வரலாற்றில், வீட்டுக்காரரின் பங்கை வெளிப்படையாகப் பேசித் தீர்த்த ஒரு தமிழ் ஊர் உண்டு. அது சென்னையை அடுத்த ஆலந்தூர். நங்கநல்லூரும் ஆதம்பாக்கமும் அடங்கிய அந்நகராட்சி ஒரு குடியிருப்பு ஊர். சென்னையின் குழாய் அதனை எட்டவில்லை. வீடுதோறும் கழிவுநீர்த் தொட்டி. தொட்டி நிரம்பினால் லாரி. லாரி வராவிட்டால் தெருவெல்லாம் நாற்றமும் கொசுவும். 1996 இல் நகரமன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஆர். எஸ். பாரதியும் மன்றத்தினரும் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை மேற்கொண்டனர். திட்டத்தின் செலவு 30 கோடி ரூபாய்க்கும் மேல் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. அத்துணைப் பெருந்தொகை அந்நகராட்சியிடம் இல்லை.

அப்போது அவர்கள் கையாண்ட வழி புதுமையானது. வேலை தொடங்குவதற்கு முன்பே மக்களிடம் சென்று, இணைப்பு வேண்டுமா, அதற்குப் பணம் தர இயலுமா என்று கேட்டனர். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிக் கணக்கை விளக்கினர். குடியிருப்பு வீட்டுக்கு வைப்புத் தொகை 5,000 ரூபாய் என்றும், வணிக இடங்களுக்கு 10,000 ரூபாய் என்றும் முடிவாயிற்று. மாதக் கட்டணம் வீட்டுக்கு 150 ரூபாய். ஏழைக் குடும்பங்கள் தவணையில் கட்டவும் வழி செய்யப்பட்டது. மண்வெட்டி தரையில் படுமுன்பே பல்லாயிரம் குடும்பங்கள் பணம் கட்டின. அப்பணத்தைக் கண்ட பின்னரே கடன் தருவோருக்கும் நம்பிக்கை பிறந்தது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் துணை நின்றது. 2000 ஆம் ஆண்டில் குழாய் வேலை தொடங்கிற்று. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் தனியார் முதலீட்டில் எழுந்தது. 2011 இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆனால், மக்கள் முன்பணம் தந்து சாக்கடை அமைத்த ஊர் என்னும் பெயர் நாடெங்கும் பரவி, அம்முறை தமிழ்நாட்டின் வேறு பல நகரங்களுக்கும் சென்றது.

ஆலந்தூர் முறையை முற்றிலும் புகழ்ந்துவிட்டு அமைதியடைவது வரலாற்று ஆராய்ச்சி ஆகாது. முன்னர்க் கூறிய இங்கிலாந்துச் சட்டத்தை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வேலை முந்தியது. வீட்டுக்காரரின் பணம் முப்பது ஆண்டுகளில் மெல்லப் பிந்தி வந்தது. இங்கே பணம் முந்தியது. வேலை பின்னர் வந்தது. கடன் பெறும் வலிமையுள்ள நகராட்சிக்கு முதல் முறை இயலும். வலிமையற்ற நகராட்சிக்கு இரண்டாம் முறைதான் கைகொடுக்கும். மற்றொரு வேறுபாடும் உண்டு. வீட்டு வரி வீட்டின் மதிப்பைப் பொறுத்தது. மாடி வீட்டுக்கு மிகுதியாகவும் ஓட்டு வீட்டுக்குக் குறைவாகவும் அமையும். வைப்புத் தொகையோ சிறு வீட்டுக்கும் பெரு வீட்டுக்கும் ஒன்றே. 5,000 ரூபாய் ஒரு வீட்டில் பண்டிகைச் செலவு. மற்றொரு வீட்டில் பல மாதக் கூலி. ஆகையால் தவணை என்பது சலுகை அன்று. நியாயத்தின் ஒரு கூறு. வாடகைக்குக் குடியிருப்போரையும் நாம் மறத்தல் கூடாது. வைப்புத் தொகையை வீட்டுக்காரர் கட்டினாலும், அது சிறிது சிறிதாக வாடகையில் ஏறிவிடும். பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் வாடகை வீட்டில் வாழும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால், இக்கணக்கில் எவரும் எழுதாத ஒரு பெயர் உண்டு. கொல்லைச் சந்தின் வழியே வந்த அந்த மனிதரின் பெயரே அது. எடுப்புக் கழிப்பிடம் இருந்த காலத்தில் வீட்டுக்காரர் குழாய்க்குப் பணம் கட்டவில்லை. அதற்குரிய விலையை ஒரு சாதியார் தம் உடலால் கட்டினர். எடுப்புக் கழிப்பிடங்களைக் கட்டுவதையும், மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993 இல் இயற்றப்பெற்றது. அது முதற்கண் பொருந்திய மாநிலங்களுள் ஆந்திரப் பிரதேசமும் ஒன்று. அதனினும் கடுமையான சட்டம் 2013 இல் வந்தது. பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி உயிர்நீத்தோரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என உச்சநீதிமன்றம் 2014 இல் ஆணையிட்டது. 2023 இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டங்கள் இருந்தும் சாவுகள் நின்றபாடில்லை. எனவே, பாதாளச் சாக்கடை வந்தவுடன் பழைய கொடுமை ஒழிந்தது என்று எண்ணுதல் பிழை. கொல்லையில் இருந்தது வீதிக் குழிக்குள் இடம் மாறியிருக்கலாம். அடைப்பை நீக்கும் இயந்திரமும், அதனை இயக்கும் பயிற்சியும், காப்புக் கருவிகளும் மாதக் கட்டணத்துக்குள் அடங்கியிருக்கின்றனவா என்று கேட்பது பணம் கட்டுவோரின் உரிமை, கடமையும் ஆகும்.

மீண்டும் நம் இரு நகரங்களுக்கு வருவோம். திருப்பதி 2007 இலும் சித்தூர் 2012 இலும் மாநகராட்சிகளாயின. திருப்பதியின் கழிவுநீர் தூக்கிவாக்கம் என்னும் ஊரருகே உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. அந்நகரின் நிலை தனித்தன்மையுடையது; அங்கே கழிவுநீரின் அளவை உள்ளூர்க் குடும்பங்கள் மட்டும் நிர்ணயிப்பதில்லை. நாள்தோறும் வந்து நீராடி மலையேறும் யாத்திரிகர் கூட்டமும் அதில் பங்கு கொள்கிறது. ஆதலின் விடுதிக்கும் வீட்டுக்கும் ஒரே அளவுகோலைக் கொள்ளுதல் பொருந்தாது. ஆலந்தூர் வீட்டையும் வணிக இடத்தையும் வேறு பிரித்தது இங்கே நினைக்கத்தக்கது. சித்தூரின் நிலை வேறு. அந்நகரின் வழியே ஓடும் நீவா நதி தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து, பொன்னையாறு என்னும் பெயருடன் பாலாற்றில் கலக்கிறது. 1960 இல் நாட்டின் எல்லைக்கோடு திருத்தப்பட்டது. ஆற்றின் போக்கை எவரும் திருத்தவில்லை. சித்தூரில் ஒரு வீட்டுக்காரர் தம் கழிவுநீரை முறையாகச் சேர்ப்பதும் சேர்க்காததும் கீழ்க்கரையில் உள்ள உழவரின் கிணற்றைத் தொடும்.

1848 ஆம் ஆண்டுச் சட்டம், அயலாரின் உடல்நலமும் நம் வீட்டுக் குழாயைச் சார்ந்தது என்று கொண்டதனாலேயே இணைப்பைக் கட்டாயமாக்கியது. ஆலந்தூர், கணக்கைத் திறந்து காட்டினால் மக்கள் பணம் தரத் தயங்கார் என்பதை மெய்ப்பித்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தொடக்கத்தில் எழுந்த வினாக்களுக்கு ஒருவாறு விடை கிடைக்கும். வேண்டாம் என்று மறுக்கும் உரிமை நமக்கு இல்லை. ஆனால், எவ்வளவு, எதற்கு, எத்தனை தவணையில் என்று கேட்கும் உரிமை நிச்சயமாக உண்டு. ஊரிலிருந்து அறிவிப்பு வருமாயின், நேயர்களே, அதனைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். தொகையைக் கட்டுங்கள், கட்டுமுன் கணக்கைக் கேளுங்கள், குழிக்குள் இறங்கப்போவது இயந்திரமா மனிதரா என்பதையும் மறவாமல் கேளுங்கள்.